யாருக்குச் சர்க்கரை?

அத்தியாயம் 17

போன வாரம் பாய்லர் அறை வாசலில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டுப் போனோம். கோபித்துக்கொண்டு கடிதம் எழுதிவிடாதீர்கள். அவர் அங்கே ஐந்து நிமிஷம்தான் நின்றார். பிறகு துணி எண்ணும் அறைக்குப் போய் இரண்டு பகல் முழுக்கத் தலையணை உறைகளை எண்ணினார். இன்று மூன்றாவது நாள் காலை, தன் வீட்டுக் கூடத்தில் நின்று சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மேல் பொத்தான் கீழ் ஓட்டைக்குப் போயிருக்குங்க," என்றாள் மனைவி.

"தெரியுது."

தெரிந்திருந்தால் ஏன் மூன்றாவது தடவையும் அதே தப்பைச் செய்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு அதைவிடப் பெரிய கேள்விகள் வரிசையில் நின்றன.

சலவைத் தொழிற்சாலையில் அவளுக்கு மடிப்பு அக்கா என்று பெயர். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போகிற விரிப்புகளை மடித்து அடுக்கும் முப்பது பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவருக்கு அதே இடத்தில் பாய்லர் வேலை. பதினெட்டு வருஷம் அந்தக் கூடத்துக்கு வேண்டிய ஆவியைக் கிளப்பிக் கொடுத்ததில் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் நீராவி அண்ணன் ஆகிவிட்டார்.

அந்த நீராவியைத்தான் பாய்லர் பக்கமே வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளத்தில் பிடித்தம் இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. 'உடல்நலம் கருதி' என்று இரண்டே சொல் எழுதிய ஒரு சீட்டு. கூடவே உட்கார முதுகு சாய்கிற நாற்காலி. திட்டியிருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். இப்படிப் பக்குவமாக ஒருவரை ஒதுக்கினால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்தோட மூணு நாள் முடியுது," என்றாள். "சிஸ்டர் அந்தத் தாளை என்கிட்ட நீட்டுவாங்க."

"கையெழுத்துப் போடாதே."

"என்ன விஷயம்னே தெரியாம..."

"தெரியலல்ல? அப்ப போடாதே. நாளைக்கு நான் பாட்டுக்கு பாய்லருக்குப் போயிடுவேன். முடிஞ்சுது கதை."

இந்தக் கையெழுத்து விவகாரம் புது மேனேஜரின் யோசனை. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்ததும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷ ஓய்வு என்று மணி அடிக்க வைத்தார். தினமும் ஒரு நர்ஸ் வர ஏற்பாடு செய்தார். எல்லோருக்கும் உடல் பரிசோதனை என்றார். பரிசோதனை என்றதும் முகங்கள் சுருங்கியதைப் பார்த்து ஒரு நலக் குழுவையும் அமைத்தார். நோய் என்று சொல்லி யாரையும் வேலை மாற்றுவதாக இருந்தால் நர்ஸ் மூன்று நாளைக்குத்தான் தனியாக எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்கத் தொழிலாளர் பிரதிநிதி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

எல்லோரும் கை தட்டி மடிப்பு அக்காவைப் பிரதிநிதி ஆக்கினார்கள். அவளும் பூரித்துத்தான் போனாள். முதல் தாளே தன் வீட்டுக்காரருடையதாக வரும் என்று யார் கண்டது? வசமாக மாட்டிக்கொண்டாள்.

மாடி அறையிலிருந்து கொழுந்தன் இறங்கி வந்தான். வீடு வீடாகக் குடிதண்ணீர் கேன் போடும் வேன் ஓட்டுகிறவன். முப்பத்தைந்து வயதாகியும் இந்த வீட்டில் அவன் சின்னவன்தான். வந்ததும் வராததுமாகச் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தான். மறுபடி நிரப்பிக் குடித்தான்.

"விக்கிறதுல பாதி உன் வயித்துக்குத்தான் போகுதுபோல," என்றாள் அவள். "கால்சட்டையை ரெண்டாவது தடவையா இடுப்புல பிடிச்சுத் தச்சிருக்கேன். இதுக்கு மேல பிடிக்கத் துணி இல்ல தம்பி."

"இளைச்சா அழகுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

"சொன்னேன். முகமும் சேர்ந்து ஒட்டிப்போகும்னு தெரியாம சொல்லிட்டேன்."

அவன் சிரித்தான். பிறகு அண்ணனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, அந்த விஷயம் ஒண்ணும்..."

"வேலைக்குப் போடா," என்றார் அவர், இருந்தாற்போல் எரிச்சலாக.

எந்த விஷயம்? அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் பொத்தானைப் பார்த்தார், ஒருவன் செம்பைப் பார்த்தான்.

*

மடிப்புக் கூடத்தில் சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து விரிப்புகள் தட்டையாக வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, நடந்து கிட்டே வந்து, மடித்து, மறுபடி விலக வேண்டும். அவளோடு ஒன்பது வருஷமாக அதே விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளுக்கு எதிர்க்கை என்று பெயர். வாயைத் திறக்காமலே இருவருக்கும் வேலை ஓடும். வேலைக்குத் தேவையில்லாத அந்த வாயை எதிர்க்கை மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படுத்திக்கொள்வாள்.

"முனை தப்பிடுச்சுக்கா."

"ம்."

"இதோட நாலாவது." எதிர்க்கை விரிப்பை உதறினாள். "நான் அப்பவே சொன்னேன். மாட்டை வாங்கறவன் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான்ல, அதுதான் இந்தப் பரிசோதனை எல்லாம். பல்லு சரியில்லன்னா ஓட்டி விட்டுடுவாங்க. முதல்ல நாற்காலி கொடுப்பாங்க. அப்புறம் நாற்காலியோட சேர்த்து வெளியே வச்சிடுவாங்க."

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. போன மாதம் அதே நர்ஸ்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நூறு விரிப்புக்கு ஒருமுறை ஜோடிகள் பக்கம் மாறி நிற்க வேண்டும் என்று மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தாள். நாலு வருஷமாக ராத்திரி தூங்க விடாத வலி பாதியாகக் குறைந்திருந்தது. வலியைக் குறைத்தவளை நம்புவதா, பதினெட்டு வருஷம் உழைத்த மனிதரை ஒதுக்கியவளைச் சந்தேகப்படுவதா? இரண்டும் ஒரே ஆள்.

பதினோரு மணி ஓய்வுக்கு மணி அடித்ததும் நர்ஸே தேடி வந்துவிட்டாள். முன்பு சோப்புத்தூள் மூட்டைகள் இருந்த சின்ன அறைதான் இப்போது அவள் அறை. இன்னும் அங்கே தும்மல் வரும்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரை இப்பவே கூட்டிட்டு வாங்க. ரெண்டு சீட்டு அனுப்பிட்டேன். நேத்து நானே போய் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். தோ வர்றேன்னு உள்ளேயிருந்து குரல் கொடுத்துட்டு, முகத்தைக் காட்டாமலே பின்வழியா போயிட்டார்."

"அவருக்கு என்ன சிஸ்டர்?"

"அதை அவர்கிட்டதான் சொல்லணும்."

"நான் அவர் பொண்டாட்டி."

"அம்மாவே வந்தாலும் சொல்லக் கூடாதுக்கா. மேனேஜருக்கே காரணம் தெரியாது. பாய்லர்கிட்ட தனியா நிக்க வேண்டாம்னு மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன்." நர்ஸ் மேசையில் இருந்த தாளைத் தொட்டாள். "சாயங்காலம் இதுல உங்க கையெழுத்து வேணும். அதுக்குள்ள அவரா உங்ககிட்ட சொல்லிட்டா நல்லது. இன்னிக்கு அவர் டாக்டரைப் பார்த்தே ஆகணும். அது மட்டும் சொல்றேன்."

இன்றைக்கே பார்த்தாக வேண்டுமா? அவள் அப்போதே துணி எண்ணும் அறைக்கு நடந்தாள்.

*

துணி எண்ணும் அறையில் அவர் உறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முதுகு சாய்கிற நாற்காலி சுவரோரம் காலியாக இருந்தது. பிடிவாதமாக ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க. சிஸ்டர்கிட்ட போகலாம்."

"முந்நூத்தி நாற்பத்தாறு," என்றார் அவர்.

"உங்களைத்தான்."

"எண்ணிட்டு இருக்கேன்ல?"

அவள் குனிந்து அவர் சட்டைப் பையில் கை விட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. இரண்டு சீட்டுகள் இருந்தன. இரண்டும் ஒட்டியது ஒட்டியபடி.

"பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?"

"எதுக்குப் பிரிக்கணும்? என்ன எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே," என்று கிழித்தாள்.

நாலே வரி. ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது, ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம், உடனே வந்து பார்க்கவும். கீழே ஒரு எண். அந்த எண் எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நர்ஸ் அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தாள்.

"சர்க்கரையா? உங்களுக்கா?" சீட்டை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இதை வச்சுக்கிட்டா மூணு நாளா ஊமையா இருந்தீங்க? நான் வேற தினமும் ரெண்டு கரண்டி போட்டு டீ கொடுத்துட்டு..."

அவர் சீட்டைப் பிடுங்கினார். படித்தார். மறுபடி படித்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"இது என்னுது இல்ல," என்றார்.

"பேர் உங்க பேர்தானே?"

"பேர் என்னுது. ரத்தம் என்னுது இல்ல."

அவள் அங்கிருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எதுவும் விளங்காதபோது நின்றுகொண்டிருப்பதில் லாபம் இல்லை.

"சின்னவனை அனுப்பினேன்," என்றார் அவர், உறைகளைப் பார்த்துக்கொண்டே. "பரிசோதனை அன்னிக்கு. என் அட்டையைக் கொடுத்து."

"அட்டையில உங்க படம் இருக்குமே!"

"பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின படம். இப்ப என்னைவிட அவனுக்குத்தான் அது பொருந்தும். புது நர்ஸ்தானே, என்னை எங்கே பார்த்திருக்கு? பின்வாசல் வழியா வந்தான், கையை நீட்டினான், போனான்."

இப்போது காலையில் கேட்ட அந்த 'விஷயம்' அவளுக்குப் புரிந்தது. அவர் சீட்டைப் பிரிக்காததும் புரிந்தது. ஆள் மாற்றியதைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மனிதர் மூன்று நாளாக ஓடி ஒளிந்திருக்கிறார். செம்பு செம்பாகத் தண்ணீர், ஒட்டிப்போன முகம், இரண்டு தடவை பிடித்த கால்சட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் நெஞ்சில் மோதின. அழகு என்று வேறு சொல்லித் தொலைத்தோமே என்று அழுகை வந்தது.

"எதுக்குங்க அனுப்பினீங்க?"

"எனக்கு ஊசின்னா பயம்."

முழங்கை வரை ஆவி சுட்ட தழும்புகள் உள்ள மனிதர் சொல்கிற பேச்சா இது? பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. சண்டை போட இப்போது நேரம் இல்லை.

"முதல்ல தம்பிக்குப் போன் போடறேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை எடுத்தான்.

"அண்ணி..." மூச்சு இழுத்து இழுத்து வந்தது. "வேனை ஓரமா நிறுத்தியிருக்கேன். ரெண்டு தடவை வாந்தி. ரோடு எல்லாம் மங்கலா தெரியுது. வெயில் ஒத்துக்கலபோல."

"அங்கேயே இரு. வண்டியைத் தொடாதே. எங்கே இருக்கே?"

மார்க்கெட் பின்னால் உள்ள பெட்ரோல் பங்க் என்றான். அவர் அதற்குள் எழுந்துவிட்டார். "வா, ஆட்டோ பிடிச்சுப் போய்ச் சின்னவனை டாக்டர்கிட்ட காட்டிடலாம். இங்கே யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"சிஸ்டர் முப்பது அடி தூரத்துல இருக்காங்க."

"அவங்ககிட்ட சொன்னா நான் திருட்டுத்தனம் பண்ணினது தெரிஞ்சுடும். வேலை போயிடும்டி."

ஒரு கணம் அவளும் தயங்கினாள். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. பதினெட்டு வருஷ வேலை. ஆனால் அந்தச் சீட்டில் இருந்த இரண்டு வட்டங்கள் கண் முன்னால் நின்றன. அவள் நர்ஸின் அறையைப் பார்த்து ஓடினாள்.

*

நர்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டது மேனேஜரிடம் வண்டி மட்டும். டிரைவர் டெலிவரிக்குப் போயிருந்ததால் மேனேஜரே விரிப்பு வேனை எடுத்தார். பங்கில் சின்னவன் கேன்களுக்கு நடுவே சாய்ந்து கிடந்தான். அழுகிய பழம்போல் அவன் மூச்சில் ஒரு வாடை வந்தது. சர்க்கரை முற்றினால் வருகிற வாடை அது என்று நர்ஸுக்குத் தெரிந்தது; வழி நெடுக மேனேஜரை விரட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துக்கொள்வான், இன்னும் அரை நாள் போயிருந்தால் என்னால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்றார். அவள் அழுதாள். கணவரும் அழுதார், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு.

நாலு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மணி நாலரை. மேனேஜர் கார் ஓட்டிப் பழகியவர். வேன் ஓட்டியதில் அவர் தோள் பிடித்துக்கொண்டிருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டே, "ஆள் மாத்தினது தப்பு. அதைப் பத்தி நாம பேசியாகணும், ஆனா இன்னிக்கு இல்ல," என்றார்.

நீராவி அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு மெல்ல, "அப்ப அந்தத் தாள் செல்லாதுல்ல சார்?" என்று கேட்டார். "சர்க்கரை எனக்கு இல்லையே. நாளைக்கு நான் பாய்லருக்கு வரலாம்ல?"

மேனேஜர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். குழப்பம் அவள் முகத்திலும் இருந்தது. "செல்லாதுதான். வேற காரணம் இருந்தா நான் புதுசா எழுதலாம். காரணம் இருக்கா அண்ணே? தம்பி ரத்தத்தைக் கொடுத்து மறைக்கற அளவுக்கு உங்களுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஊசி பயம்."

"என்னங்க," என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதனால்தானோ என்னவோ அவர் உடைந்துபோனார்.

"கண்ணு இருட்டுது," என்றார். "ரெண்டு மாசமா. திடீர்னு. மூணு தடவை. கடைசித் தடவை பரிசோதனைக்கு முந்தின நாள். முழிச்சுப் பார்த்தப்ப பாய்லர் முன்னாடி தரையில கிடக்கேன். அழுத்த முள்ளு சிவப்புக்கோட்டுக்குப் பக்கத்துல நடுங்கிட்டு இருக்கு. எவ்வளவு நேரம் கிடந்தேன்னு தெரியாது. தவழ்ந்துபோய் வால்வைத் திறந்துவிட்டேன்."

மேனேஜர் தோளைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எனக்கு முன்னாடி அந்த வேலை பார்த்தவர் ஒரு தடவைதான் சார் மயங்கி விழுந்தார். பழைய முதலாளி அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிட்டார். ஒரு மாலைகூடப் போடல."

"நான் பழைய முதலாளி இல்லையே," என்றார் மேனேஜர்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

நர்ஸ் மடியில் வைத்துப் புதிதாக எழுதினாள், கீழே தன் பெயரைப் போட்டாள். "டாக்டர் முழுசா பார்த்துச் சொல்ற வரைக்கும்," என்று தாளை மடிப்பு அக்காவிடம் நீட்டினாள். "மூணு நாள் ஏற்கெனவே முடிஞ்சுது. உங்க கையெழுத்து இல்லாம இது நிக்காதுக்கா."

"இவரைப் பாய்லர்கிட்ட போகாம நீங்களே தடுக்கலாமே சார்," என்று அவள் மேனேஜரைக் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம்.

"தடுக்கலாம். முதல் தாள்லயே என் பேச்சை நானே மீறினா, நாளைக்கு எவனும் சிஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லமாட்டான். நீங்களே சொல்லுங்கம்மா."

அவள் தாளைப் பார்த்தாள். பாய்லர் அறைக்கும் மடிப்புக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். பரிசோதனைக்கு முந்தின நாள் அவள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எதிர்க்கையோடு எதற்கோ சிரித்துக்கொண்டு விரிப்பு மடித்திருப்பாள். முப்பது பெண்களும் இருந்திருப்பார்கள். அந்தப் பக்கம் இவர் தரையில் கிடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சாப்பிட்டிருக்கிறார். தன்னிடம் சொல்லவில்லையே என்ற ஆத்திரமும், எவ்வளவு பயந்திருந்தால் சொல்லாமல் இருந்திருப்பார் என்ற பரிதாபமும் ஒரே நேரத்தில் அவளை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன. போட்டால் இவர் உயிர் மிஞ்சும், மானம்? போடாவிட்டால்? அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம்மா," என்றார், மற்றவர்கள் காதில் விழாதபடி. அவளை அப்படி அம்மா போட்டு அவர் கூப்பிட்டு வருஷங்கள் ஆகின்றன.

அவள் பேனாவை வாங்கினாள். முதல் எழுத்து கோணிப்போனது. மீதியைச் சரியாகவே போட்டாள்.

அவர் மூன்று நாளாகத் திருப்பிக் கொடுக்காமல் இடுப்பிலேயே வைத்திருந்த பாய்லர் அறைச் சாவிக்கொத்தை அவிழ்த்தார். மேனேஜர் கையை நீட்டினார். அவர் அதைக் கவனிக்காதவர்போல் சாவியை மனைவியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

"அண்ணே, எங்கே போறீங்க? டாக்டர் உங்களையும் பார்க்கணும்!" நர்ஸ் பதறினாள். "அக்கா, அவரைத் தனியா விடாதீங்க. மறுபடி கண்ணு இருட்டினா?"

அதே நேரம் உள்ளேயிருந்து சின்னவனின் குரல் கேட்டது. "அண்ணி... அண்ணன் எங்கே?"

அவள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்கு ஓடினாள். அங்கே இரண்டு பக்கமும் படிகள் இறங்கின. இரண்டிலும் ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். அவரைக் காணவில்லை.